ஆயுள் சந்தாவுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

எங்கள் அலுவலகத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு நாள் காலை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. மதுரையில் இது அதிசயமில்லை. ஒருவர் காலமானால், உறவுக்காரர்கள் வந்து சேரும் முன்பே அவர் முகம் சுவரில் வந்துவிடும் ஊர் இது. ஆனால் அந்தச் சுவரொட்டியில் முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் எங்கள் நிறுவனத்தின் டிசைன் சிடி இருந்தது. அதற்குக் கீழே, "அகால மரணமடைந்த எங்கள் அன்பு ஆயுள் சந்தாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. இப்படிக்கு, ஏமாந்த டிடிபி சென்டர்கள்" என்று போட்டிருந்தது. சுற்றிலும் ஓடிய மல்லிகைப்பூ பார்டர் நாங்கள் விற்றதுதான்.

சங்கத்தின் இந்த ஆண்டு மலரைப் படிக்கும் அச்சகத்தாரில் பலருக்கு அந்தச் சுவரொட்டி நினைவிருக்கும். ஒட்டியவர்களே சிலர் இருப்பீர்கள். நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. எங்கள் நிறுவனம் இப்போது மாதச் சந்தாவுக்கு மாறுகிறது என்றும், வாடிக்கையாளர்களிடமிருந்து கோபமான குரல்கள் வருகின்றன என்றும், "அந்தக் காலத்தில் விலையை மாற்றியபோது என்ன செய்தீர்கள்?" என்றும் அங்கிருந்து கேட்டார்கள். என்ன செய்தேன் என்பதை அவர்களிடம் சொல்வதைவிட உங்களிடம் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. செய்தது உங்களுக்குத்தான்.

பொருளாதாரத்தில் முதுகலை படித்தேன். வங்கித் தேர்வுகள் எழுதித் தோற்றேன். அச்சு மையும் பிளேட்டும் விற்கும் ஒரு கடையில் சேர்ந்து, தென் மாவட்டங்கள் முழுவதும் பேருந்தில் அலைந்தேன். தொண்ணூறுகளில் கடைக்குக் கடை கம்ப்யூட்டர் வந்தபோது, தமிழ் எழுத்துருக்களும் அழைப்பிதழ் டிசைன்களும் சிடியில் போட்டு விற்கும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். விநியோகமும் வாடிக்கையாளர் சேவையும் என் பொறுப்பு. கற்றுக்கொண்ட ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் சிடியில் கல்யாண மேளம், வாழைமரம், கும்பம், பிள்ளையார், காதணி விழாவுக்குக் கம்மல், பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தேர் என்று எல்லாம் இருந்தன. அவற்றை அடுக்கி, பெயர்களைத் தட்டச்சு செய்ய ஒரு சிறு மென்பொருளும் கூடவே வரும். ஒரு முறை பணம் கட்டினால் போதும். புது டிசைன்கள் வரும்போதெல்லாம் சிடி வீட்டுக்கே வரும். அதைத்தான் ஆயுள் சந்தா என்றோம். கண்காட்சிகளில் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயுசுக்கும் உங்களுக்குத்தாண்ணே" என்று சொன்னவன் நான். எத்தனை கைகளைப் பிடித்தேன் என்று கணக்கில்லை.

எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெசவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டாரிடம் போனில் அவர்கள் மொழியில் படபடவென்று பேசுவார். எங்களிடம் தமிழில் பேசும்போது பாதி வார்த்தைகளை விழுங்கிவிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபக்கார வாடிக்கையாளரின் அழைப்பை அவரே வாங்கி, காதில் வைத்துக்கொண்டு, ஒரு சிடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருப்பார். எதிர்முனையில் கொதிப்பு அடங்கும் வரை "ம்" மட்டும்தான். கடைசியில் "நல்லது" என்பார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதென்று நினைத்து வாடிக்கையாளர் போனை வைப்பார். இவர் எதையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த "நல்லது" எந்த வகை என்று கண்டுபிடிக்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

சுவரொட்டியைக் காட்ட அவரை வெளியே அழைத்து வந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தார்.

"பார்டர் நம்மளுதுதான்" என்றார். "கலர் நல்லா வந்திருக்கு, சிவராமன்."

விஷயம் இதுதான். ஒரு சிடி வாங்கினால் அதை நகலெடுத்து ஒரு தெருவே வேலை செய்தது. டிசைன் வரையும் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் திணறினோம். ஆயுள் சந்தாவை நிறுத்தி ஆண்டுச் சந்தாவாக்கினோம். கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் விரல் நீளக் கருவி ஒன்றைக் கொடுத்தோம். எல்லோரும் அதை லாக் என்றார்கள். சந்தா முடிந்தால் லாக் மென்பொருளை நிறுத்திவிடும். அலுவலகத்துக்குப் போன் செய்து லாக்கின் முதுகில் உள்ள எண்ணைச் சொன்னால், பணம் வந்திருக்கிறதா என்று பார்த்து, நாங்கள் ஒரு திறப்பு எண் சொல்வோம். அதைத் தட்டினால் மறுபடி ஓடும்.

இதில் விலையை முடிவு செய்தது முதலாளி. மற்றவை என் யோசனைகள். சந்தா முடியும் மாதமாக ஆடியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடைக்காரர்கள் சும்மா இருப்பார்கள், வந்து புதுப்பித்துவிட்டுப் போவார்கள் என்று கணக்குப் போட்டேன். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கல்லாவிலும் ஒன்றும் இருக்காது என்பது பொருளாதாரம் படித்த என் புத்திக்கு எட்டவில்லை. சந்தா முடிந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வாசகமும் எழுதி எல்லா மேசையிலும் ஒட்டினேன். "தங்கள் சந்தாக் காலம் நிறைவடைந்துள்ளது. புதுப்பித்ததும் திறப்பு எண் வழங்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி." மனிதரோடு சண்டை போடலாம், வாசகத்தோடு போட முடியாது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆடியில் போன் ஓயவில்லை. சிம்மக்கல்லில் டிடிபி சென்டர் வைத்திருந்த முருகேசன் கூப்பிட்டு, "என்னண்ணே, ஆயுசுக்கும்னீங்க. யாரு ஆயுசுன்னு சொல்லலையே?" என்றார். சுவரொட்டி அவர் கைவேலைதான் என்று பிறகு தெரிந்தது. லாக்கை அஞ்சலில் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒருவர் அதை ஒரு வெற்றிலைக்குள் மடித்து அனுப்பியிருந்தார். பலர் பேசாமல் திருட்டு சிடிக்குப் போய்விட்டார்கள். கத்துகிறவர்கள் நம்மோடு இன்னும் இருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சமயநல்லூரில் ஜெயந்தி என்ற பெண்மணி மெயின் ரோட்டில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். கணவர் லாரி ஓட்டப் போய் வாரக் கணக்கில் வரமாட்டார். கடை வருமானத்தில்தான் வீடு ஓடியது. கண்காட்சியில் நான் கையைப் பிடிக்காத வாடிக்கையாளர். பெண்மணி என்பதால் கும்பிட்டுவிட்டு அதே வார்த்தையைச் சொன்னேன். ஆடிக் கடைசியில் அவர் போன் செய்தார்.

"அண்ணே, ஆவணி பொறந்ததும் கட்டிர்றேன். இப்ப ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க. அலங்காநல்லூர்ல ஒரு காதணி விழாவுக்கு பேனர். போன தடவ மூத்த பிள்ளைக்கி நாந்தேன் போட்டேன். அதே மாதிரிதேன் வேணுமாம். ஃபைல் தொறக்க மாட்டேங்குது."

"சந்தா முடிஞ்சிருச்சேம்மா."

"புது டிசைன் எனக்கு வேணாம்ணே. நாந் தட்டுன பேரு, நா வெட்டுன போட்டோ. அதப் பாக்கவா வாடக கேக்குறீங்க?"

பழைய வேலைகளையும் புது மென்பொருள் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டிருந்தது. லாக் உறங்கினால் அவையும் உறங்கும். இப்படி ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தே விட்டோம். நான் மேசையில் ஒட்டியிருந்த வாசகத்தைப் படித்தேன்.

"இது நீங்க பேசுறதில்லண்ணே" என்றார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றேன்.

அது பொய். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதற்கு முந்தின வாரம் நகரத்தில் பெரிய ஆப்செட் அச்சகம் ஒன்றின் உரிமையாளர் போன் செய்தபோது, பணம் வராமலேயே திறப்பு எண்ணைச் சொல்லியிருந்தேன். அவர் எங்களிடம் நிறைய லாக் வாங்கியவர். என்னை "சார்" என்று கூப்பிடுபவர். அவருக்கு வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆவணி பிறந்த முதல் வாரம். ஜெயந்தி நேராக அலுவலகத்துக்கு வந்து, லாக்கை என் மேசைமேல் வைத்தார்.

"பிடிங்கண்ணே. கடைய மூடப் போறேன்."

நடந்தது இது. பிள்ளையின் அப்பா செல்வம் வயல் வேலையில் இருந்ததால், பழைய ஃபைல் இல்லாமல் வேறொரு கடைக் கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்ட பேனருக்குப் பெயர் வரிசை கேட்டு ஜெயந்தி போன் செய்தபோது எடுத்தது பிள்ளையின் கடைசித் தாய்மாமன். தன் பெயரையும் தன் அண்ணன் பெயரையும் முன்னால் சொன்னான். மூத்த மாமன் பெரியகருப்பன் அவர்களுடைய அப்பாவுக்கு முதல் தாரத்துப் பிள்ளை. அவர் பெயரை மூன்றாவதாகச் சொன்னான். புகைப்படமும் ஒரு சிறியதைத்தான் கொடுத்தனுப்பினான். பேனர் ரோட்டில் ஏறிவிட்டது. பெரியகருப்பன் பேருந்திலிருந்து அதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், "நா வரல, என் மடியும் வராது" என்று சொல்லிவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும். மூத்த மாமன் இருக்க இளையவன் மடியில் உட்காரவைத்தால் அந்தக் குடும்பம் அன்றோடு இரண்டாகும். விழாவுக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. இரு தரப்பும் ஜெயந்தியைத்தான் சொன்னது. பேனரைத் தப்பாகப் போட்ட கடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இனி யார் வருவார்கள்?

"நானும் வாரேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. மாட்டுத்தாவணியில் ஒரு வேலைக்காக எடுத்திருந்த அலுவலக வண்டியைத் திருப்பிக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

செல்வம் வீட்டு முற்றத்தில் பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. பெரியகருப்பனை யாரோ சமாதானம் பேசிக் கூட்டி வந்திருந்தார்கள். உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தவறு ஜெயந்தியுடையது அல்ல, பழைய பேனரின் ஃபைலை எங்கள் நிறுவனம் திறக்கவிடவில்லை, அதனால்தான் வரிசை மாறியது என்றேன்.

"கம்ப்யூட்டரு பூட்டிக்கிருச்சாக்கும்" என்றார் பெரியகருப்பன். "ஏஞ் சாமி, பேரு மூணாவதா போனதக்கூடப் பொறுத்துக்குவேன். மத்தவனுக்கெல்லாம் தேர் மாதிரி போட்டோ. எனக்கு மட்டும் ரேசன் கார்டுல இருக்க மாதிரி இம்புட்டுக்காணு."

"போன தடவயும் அப்பிடித்தானே இருந்துச்சு" என்றான் கடைசி மாமன்.

"ஏலே, பொய் சொல்லாத!"

"ஃபைலத் தெறந்து காட்டுறேன்" என்றேன் நான்.

"நீங்க தொறந்து மாத்தி எழுதிட்டு வருவீக. நா அத எப்பிடி நம்புறது?"

போன பேனரை அச்சடித்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ்காரர் பழைய வேலைகளை எப்போதோ அழித்துவிட்டிருந்தார். அப்போது பெரியகருப்பனின் மனைவி, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்தபடி, முற்றத்து ஓரத்தைக் காட்டினார்.

"அந்தா வைக்கப்போர மூடிக் கெடக்கே, அது என்ன பேனரு?"

போன விழாவின் பேனர்தான். எங்கள் பக்கத்தில் பேனருக்கு விழாவோடு ஆயுசு முடிவதில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், வைக்கோல் போருக்குப் போர்வையாகும். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே. செல்வத்தின் ஆட்கள் ஏணி தேடினார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் நின்ற மாட்டு வண்டியில் கால் வைத்து மேலே ஏறிவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய வயது. வைக்கோல் சறுக்கியது. கற்களைத் தள்ளிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, பேனரைப் புரட்டிக் கீழே தொங்கவிட்டேன்.

எங்கள் மல்லிகைப்பூ பார்டர் வெளிறியிருந்தது. நடுவில், வைக்கோல் ஒட்டிய கன்னத்தோடு, எல்லோரையும்விடப் பெரிதாகப் பெரியகருப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். பெயரும் முதலில்.

அவர் மனைவிதான் சொன்னார். "ரெண்டு வருசமா மழையில நனையாம மச்சான் வீட்டு வைக்கலக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு. இவரு இல்லாமயா காது குத்துவீக?"

முற்றமே சிரித்தது. பெரியகருப்பன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசி மாமனைப் பார்த்து, "மாமேங்கிற பேரு போதும்டா, மொத எடம் எதுக்கு உனக்கு?" என்று தோளில் ஒன்று வைத்தார். அந்த அடியோடு விஷயம் முடிந்தது.

நான் வைக்கோல் போரிலிருந்து இறங்காமலே அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஜெயந்தியின் லாக்குக்குத் திறப்பு எண் சொல்லச் சொன்னேன். "பணம் வரலையே சார், வாசகத்தப் படிக்கவா?" என்றாள் எங்கள் அலுவலகப் பெண். "வாசகத்தக் கிழிச்சுப் போடும்மா. என் பொறுப்பு" என்றேன். அன்று மாலைக்குள் புது பேனர் ஏறியது. பிள்ளை யார் மடியில் உட்கார்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சிடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார். நாம் டிசைனைத்தான் விற்றோம், அவர்கள் தட்டிய பெயர்களை அல்ல. அவர்கள் செய்த வேலையைப் பூட்ட நமக்கு உரிமையில்லை என்றேன். ஆடியில் பணம் கேட்டது என் முட்டாள்தனம் என்றேன். அவர் சிடியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெரிய பிரஸ்ஸுக்கு நம்பர் குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானும் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு வெகு நேரம் ஜன்னல் வழியே அந்த எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரொட்டி பாதி கிழிந்து, பார்டர் மட்டும் மிச்சமிருந்தது. "நல்லது" என்றார்.

எந்த வகை "நல்லது" என்று தெரியாமல் வெளியே வந்தேன். மதியம் மென்பொருள் எழுதுகிறவரை அவர் உள்ளே கூப்பிட்டார். சந்தா முடிந்தாலும் செய்த வேலை திறக்க வேண்டும், பழைய டிசைன்கள் வேலை செய்ய வேண்டும், புதியவை மட்டும் நிற்கலாம் என்றார். மாற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டார். சந்தா மாதத்தைத் தை முகூர்த்தங்களுக்குப் பிறகு தள்ளினார். ஆயுள் சந்தா வாங்கியவர்களுக்கு அதுவரை வெளிவந்த அத்தனையும் ஆயுசுக்கும் சொந்தம் என்று அச்சடித்து, தன் கையெழுத்தோடு அனுப்பச் சொன்னார்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் போதுமான அளவுக்கு வந்தார்கள். ஓவியர்கள் நிலைத்தார்கள். டவுன்ஹால் ரோட்டில் நடந்த அச்சகத்தார் கூட்டத்தில் நான் மேடையேறி மன்னிப்புக் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து முருகேசன் எழுந்தார்.

"அண்ணே, செத்தவன் எந்திரிச்சு வந்துட்டான். இதுக்கு எந்த பார்டர் போடுறதுன்னு உங்க சிடியில இல்லையே!"

அடுத்த வெளியீட்டில் அவருக்காகவே உதயசூரியனும் தாமரையும் சேர்த்து ஒரு பார்டர் போட்டோம். எந்தக் கட்சிக்கும் ஆகாது என்று யாரும் அதை வாங்கவில்லை. அவர் மட்டும் வாங்கினார்.

மாதச் சந்தாவைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். பயப்பட வேண்டாம். விலை கூடுவதை நம் ஆட்கள் திட்டிக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் கைவேலையைப் பூட்டாதீர்கள். பெரிய கடைக்கு ஒரு குரல், சின்னக் கடைக்கு ஒரு வாசகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரூல் எல்லாருக்கும் ஒன்று என்றது பொய் என்பதை மட்டும் நான் ஜெயந்தியிடம் சொல்லவே இல்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை. வருடா வருடம் அவர் சந்தா கட்டினார், வருடா வருடம் நான் அதைச் சொல்லாமல் வாங்கினேன். இந்தக் கட்டுரையை மலருக்கு அனுப்பும் முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று போன வாரம் போன் செய்தேன். கடையில் இப்போது நான்கு மெஷின் ஓடுகிறதாம். அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்ணே" என்றார்.

"எப்படிம்மா?"

"அந்தப் பெரிய பிரஸ்லதேன் எந் தம்பி அப்ப வேல பாத்தான். நம்பரு வந்த அன்னைக்கே சொல்லிட்டான். லாக்க உங்க மூஞ்சியில எறியணும்னுதேன் அன்னைக்கு வந்தேன். மேசமேல வச்சது, ஆபீஸ்ல நாலு பேரு இருந்தாகளேன்னுதேன்."

"பின்னே ஏம்மா மறுபடி சந்தா கட்டுனீங்க?"

"நீங்க எங்கண்ணே எறிய விட்டீங்க? செருப்பக் கழட்டிட்டு வைக்கப்போர் மேல ஏறிட்டீங்களே" என்று சிரித்தார். பிறகு, "சரி, மாசச் சந்தாவுன்னு உங்க ஆபீஸ்ல ஏதோ புதுசா அனுப்பியிருக்காக. கட்டலாமா, வேணாமா? நீங்க சொல்லுங்க" என்றார்.

பணம் கட்டும் முன், அந்தப் புது மென்பொருளில் பழைய வேலை ஒன்றைத் திறந்து பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். காத்திருந்தேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ, "அந்த அலங்காநல்லூர் காதணி எடு" என்பது கேட்டது.

"தொறக்குதுண்ணே" என்றார் திரும்பி வந்து. "பெரியகருப்பன் மாமா சிரிக்கிறாரு."